அங்கே தடுத்த மேளம், இங்கே திணித்த மேளம்

"ஜாஸ் கேக்கணும்ணா எங்கருந்து ஆரம்பிக்கிறதுண்ணா?" என்று ஆம்பூர்த் தம்பி ஒருவன் கேட்டான். கல்லூரி மாணவன். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். தலைசிறந்த ஆல்பங்களாம். முதலிடத்தில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', 1959.

நல்ல ஆல்பந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வெளிவந்த சில நாட்களிலேயே, தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் கிளப்பின் வாசலில் நின்ற மைல்ஸைப் போலீஸ் மண்டை உடைய அடித்தது. அது பட்டியலில் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் இசையை எடுத்துக்கொண்டு ரத்தத்தைத் துடைத்துவிடுகிறார்கள். 1930களில் பம்பாய் தாஜ் ஓட்டலில் சீமான்கள் நடனமாட வாசிக்கப்பட்டதால், ஜாஸ் என்றாலே மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்று நாமும் ஒதுங்கிக்கொண்டோம்.

நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். தோலில்.

என் நைனா தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக நம் சனங்களின் கையும் காலும் வெந்த தொழில் அது. தோலைத் தொட்டவனைத் தீட்டு என்ற சமூகம், அதே தோலில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டது, அதே தோல் கட்டிய மிருதங்கத்தைச் சபையில் வைத்துக் கேட்டது. 1958இல் டேவ் புரூபெக் குழு மெட்ராஸ் வந்தபோது, டிரம்மர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டித்தரும் தலித் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுத 2020 ஆகவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1739இல், தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே, அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு கலகத்தில் இறங்கினார்கள். மறு ஆண்டே அடிமைகள் மேளம் வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. நியூ ஆர்லியன்ஸில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கத்தில் கூடி அடித்தார்கள், ஆடினார்கள். பின்னால் ஜாஸ் பிறந்ததும் அந்த ஊரில்தான்.

நமக்கு நடந்தது தலைகீழ். மேளத்தை யாரும் பிடுங்கவில்லை, கழுத்தில் மாட்டினார்கள். ஊர்ச் சாவுக்கு அடி, செத்த மாட்டைத் தூக்கு, மறுத்தால் உதை. அதனால்தான் பல சேரிகளில் பறையைத் தூக்கி எறிந்தார்கள். அது சுயமரியாதை. 1990களில் அதே பறையை விடுதலை இசையாக மேடை ஏற்றினோம். அதுவும் சுயமரியாதைதான். அடிக்காதே என்றவனும் அடி என்றவனும் ஆள நினைத்தது நம் கையை.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் 1946இல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியில் நடந்தால் பட்டியலும் மாறும்.

முதலில் டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் 'வீ இன்சிஸ்ட்', 1960. அட்டையைப் பாருங்கள். வெள்ளையர் உணவுக்கடையில் கறுப்பர்கள் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். டீக்கடையில் தனிக்குவளை கண்ட நமக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. 'டிரைவா மேன்' ஐந்தெண்ணிக்கைத் தாளம், முதல் அடி சாட்டையாக விழும். 'டிரிப்டிக்' பாட்டில் அபி லிங்கனின் குரலும் ரோச்சின் மேளமும் மட்டுந்தான். சொல்லே கிடையாது. முனகுகிறார், அலறுகிறார், மூச்சுவிடுகிறார்.

அடுத்து ஜான் கோல்ட்ரேனின் 'லைவ் அட் பேர்ட்லேண்ட்'. அதில் 'அலபாமா'. 1963 செப்டம்பர் 15இல் பர்மிங்காம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். இரண்டு மாதத்தில் பதிவானது இது. கீழ்வெண்மணியில் எரிந்த 44 பேரை நினைக்காமல் என்னால் கேட்க முடிந்ததில்லை.

மூன்றாவது சார்லஸ் மிங்கஸ். பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளை நுழையவிடாமல் படையை நிறுத்திய ஆளுநர் ஃபோபஸைக் கிண்டலடிக்கும் பாட்டு 1959இல் 'மிங்கஸ் ஆ அம்' ஆல்பத்தில் சொற்கள் இல்லாமல் வந்தது. 1960இல் வேறு கம்பெனியில் சொற்களோடு பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாய் கட்டப்பட்ட இசை எப்படிப் பேசும் என்பது தெரியும். இதற்கெல்லாம் பிறகு 'கைண்ட் ஆஃப் புளூ'வுக்குப் போங்கள். அந்த அமைதி எதன் நடுவில் பிறந்தது என்று அப்போது புரியும்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தான். 'டிரிப்டிக்' கேட்டானாம். "சாவு வூட்ல எங்க ஆயா மாரடிச்சி அழுவுற மாரியே கீதுண்ணா."

வேறென்ன வேண்டும்? குரலும் தோலும் சேர்ந்து அழுவது நமக்குப் புதுசா? அபி லிங்கனின் அலறலை 1960இலேயே ஒருவர் பதிவு செய்து வைத்தார். உன் ஆயாவுடையதை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

கையில் போன் இருக்கிறது தம்பி. மிச்ச ஆல்பங்கள் எங்கேயும் ஓடிவிடாது. ஆயாவுக்கு வயது எண்பதுக்கு மேல். முதலில் வீட்டுக்குப் போ.