துடுப்புப் படகும் கணவாய்த் தூண்டிலும்

சந்தையில் நாம் சோத்தோங் என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்குத் தமிழகக் கடலோரத்தில் கணவாய் என்று பெயர். திரங்கானு மீனவர்கள் அதைப் பிடித்து வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை மோதும். சிறு படகுகள் அப்போது கடலில் இறங்குவதில்லை. வீட்டுச் செலவுக்குக் கடன்தான். ஏப்ரல் வாக்கில் கடல் தணிந்ததும் கணவாய் கரையை நெருங்கி வரும். ஆகஸ்டு வரை நீளும் அந்தப் பருவம், பலருக்கும் கடனை அடைக்கும் பருவமாகவும் இருந்தது.

இதற்கான கருவியை மலாய்க்காரர்கள் சண்டாட் என்பார்கள். அதில் இரை கிடையாது. கனமான சிறு தண்டு. அதன் அடியில் மேல்நோக்கி வளைந்த முட்கள் வட்டமாக நிற்கும். மீன் தூண்டிலில் இருக்கும் எதிர்முள் இதில் இல்லை. கணவாய் மீனைப் போலத் தூண்டிலை விழுங்குவதில்லை. எட்டுக் கைகளும் இரண்டு நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு கட்டிப் பிடிக்கிறது. பிடித்த கையே மாட்டிக்கொள்கிறது. நூலை மெல்ல ஏற்றி இறக்கி, கனம் தெரிந்ததும் ஒரே சீராக இழுக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தால் நழுவிவிடும். மேலே வந்ததும் மையைப் பீய்ச்சும். புதிதாக வந்தவர் யார் என்பதைச் சட்டையே சொல்லிவிடும்!

நூல் செங்குத்தாக இறங்கினால்தான் வேலை நடக்கும். நீரோட்டம் படகை இழுத்துச் செல்லாதபடி இரண்டொரு வீச்சில் நிறுத்திவைக்கத் துடுப்பு போதும். அதற்கு எண்ணெய்ச் செலவும் இல்லை. நிலவில்லாத இரவில் விளக்கு ஏற்றினால், ஒளியை நாடிவரும் சிறு மீன்களைத் தேடிக் கணவாயும் வரும். முழுநிலவில் அந்த விளக்குக்கு மதிப்பில்லை.

ரேமண்ட் ஃபர்த் என்னும் மானிடவியல் அறிஞர் 1939-40இல் கிளந்தானின் பெருப்போக் கிராமத்தில் தங்கி மீனவர் வாழ்வை ஆராய்ந்தார். அப்போது அங்கே பாயும் துடுப்பும்தான். 1963இல் அவர் திரும்பி வந்தபோது இயந்திரப் படகுகள் வந்துவிட்டிருந்தன.

அறுபதுகளில் இழுவைப் படகுகள் பெருகின. நூலால் ஒவ்வொன்றாகப் பிடித்தவனுக்கும், வலையால் கடலடியை வாரியவனுக்கும் ஒரே கடல். மேற்குக் கரையில் இந்தப் பகை படகுகளை மூழ்கடிப்பது, உயிர்ப்பலி என்று முற்றியது. 1981இல்தான் கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. கால் நூற்றாண்டு முன்பே வந்திருக்கவேண்டிய கோடு என்பது நம் கருத்து. துடுப்பால் எட்டக்கூடிய கடல் அவ்வளவுதான். அதற்கு அப்பால் போக அவனுக்கு வழியில்லை.

கோடு வலையைத் தடுக்கலாம். விளக்கின் போட்டியைத் தடுக்காது. மின்பொறி வைத்த பெரிய படகு பக்கத்தில் நின்றால், பெட்ரோமாக்ஸ் விளக்கை யார் திரும்பிப் பார்ப்பார், கணவாய்தான் பார்க்குமா? துடுப்புப் படகுகள் மெல்ல மெல்லக் குறைந்தன. இப்போது பருவம் வந்தால் மாராங் போன்ற இடங்களில் சுற்றுப்பயணிகள் பணம் கொடுத்து இயந்திரப் படகில் ஏறுகிறார்கள். அவர்கள் கையிலும் அதே முள்வட்டம்தான். படகுக்காரருக்கோ கணவாயைவிட வாடகையே வருமானம்.