மின்தடைக் கலப்புலோகங்களை இணைத்தல்: மன்னார் வளைகுடாக் கரையை முன்வைத்து ஒரு வரலாறு

மின்தடைக் கலப்புலோகங்கள் என்பவை மின்னோட்டத்தைத் தேவையான அளவுக்குத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட உலோகக் கலவைகள் ஆகும். ஜெர்மன் வெள்ளி, மாங்கனின், கான்ஸ்டன்டன், நிக்ரோம், கேன்தல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் சிலவற்றில் சால்டர் எனப்படும் பற்றாசு எளிதில் ஒட்டுவதில்லை. முத்துக்குளித்தலுக்கும் உப்பளங்களுக்கும் பெயர்பெற்ற தூத்துக்குடி போன்ற கடற்கரையில் ஒட்டிய இணைப்பும் நெடுநாள் நிலைப்பதில்லை.

தந்திக் காலம்

1850களின் இறுதியில் இந்தியாவும் இலங்கையும் கடலடித் தந்தி வடத்தால் இணைக்கப்பட்டன. கடலடி வடம் பழுதானால், பழுது எங்கே என்று கரையிலிருந்தே அறிய வீட்ஸ்டோன் சமனச்சுற்றும் தடைச் சுருள்கள் அடங்கிய பெட்டியும் பயன்பட்டன. எடுத்துக்காட்டாக, மைலுக்கு 10 ஓம் தடையுள்ள வடம் பழுது வரை 120 ஓம் காட்டினால், பழுது 12 மைல் தொலைவில் உள்ளது. பெட்டியிலுள்ள ஓர் இணைப்பு கெட்டு 1 ஓம் பிழை ஏற்பட்டால், கடலில் தேடும் இடம் 176 கெஜம் தள்ளிப்போகும். இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய லூயி ஷ்வெண்ட்லர் இத்தகைய சோதனை முறைகளை நூலாகத் தொகுத்தார்.

அக்காலச் சுருள்கள் பலவும் ஜெர்மன் வெள்ளியால் ஆனவை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த இதில் வெள்ளி இல்லை. பற்றாசு இதில் எளிதில் ஒட்டும். ஆனால் வெப்பநிலை மாறினால் இதன் தடையும் ஓரளவு மாறும்.

மாங்கனினும் ஈரமும்

அக்குறையை நீக்கியவர் எட்வர்ட் வெஸ்டன். 1880களின் இறுதியில் தொடங்கிய அவரது ஆய்வுகள் கான்ஸ்டன்டனையும் மாங்கனினையும் தந்தன. முன்னது ஏறத்தாழ 55 விழுக்காடு செம்பும் 45 விழுக்காடு நிக்கலும் கொண்டது. பின்னதில் செம்புடன் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசும் சிறிதளவு நிக்கலும் உண்டு. துல்லியச் சுருள்களில் மாங்கனின் முனைகளைச் சாதாரணப் பற்றாசால் இணைக்காமல், வெள்ளிப் பற்றாசால் செம்பு முனையங்களுடன் இணைப்பது வழக்கமாயிற்று.

நல்ல இணைப்பு மட்டும் போதாது என்பது பின்னர் தெரிந்தது. சுருள்களின் மீது பூசிய அரக்கு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிந்து கம்பியை இழுப்பதால் தடை மாறுகிறது என்று அமெரிக்கத் தர அளவை நிறுவனத்தைச் சேர்ந்த ரோசாவும் பாப்காக்கும் 1907-08இல் காட்டினர். இதன்பின் தரச் சுருள்கள் ஈரம் புகாதபடி மூடி முத்திரையிடப்பட்டன.

நிக்ரோமும் இளக்கியும்

நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோமுக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். இதன் மேற்பரப்பில் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலமே கம்பியைச் செஞ்சூட்டிலும் காக்கிறது. அதே படலம் பற்றாசை ஒட்டவிடுவதில்லை. மின்னணுப் பணியில் பயன்படும் குங்கிலிய இளக்கியால் அதை நீக்க முடியாது. துத்தநாக குளோரைடு அல்லது பாஸ்பாரிக் அமிலம் கொண்ட இளக்கி நீக்கும். ஆனால் குளோரைடு எச்சம் ஈரத்தை ஈர்த்து இணைப்பையும் அருகிலுள்ள செம்பையும் அரிக்கும்.

கடற்கரையில் இந்த அரிப்பு விரைவாகும். உப்புக் காற்றும் குளோரைடையே கொண்டுவருகிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடல்சார் அரிப்பை ஆராய மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நிலையங்களை அமைத்தது.

துறைமுகங்களில் சரக்கு லாரிகளை நிறுத்தி எடைபோடும் மின்னணு எடைமேடைகளில் இதன் விளைவைக் காணலாம். அவற்றின் சுமை உணரிகளில் பெரும்பாலும் கான்ஸ்டன்டன் தகடுகளே உள்ளன. 350 ஓம் தகட்டின் தடை முழுச் சுமையிலும் ஏறத்தாழ 1 ஓமுக்கும் குறைவாகவே மாறும். எனவே அரித்துப்போன இணைப்பு பொய்யான எடையைக் காட்டிவிடும். கான்ஸ்டன்டனில் பற்றாசு நன்றாக ஒட்டும். எனினும் இளக்கி எச்சத்தைக் கழுவி, இணைப்பை ஈரம் புகாமல் மூட வேண்டும்.

இணைக்கும் முறைகள்

நிக்ரோம் கம்பியைச் செம்புக் குழலில் வைத்து நசுக்குதல், திருகு முனையத்தில் இறுக்குதல், புள்ளிப் பற்றவைப்பு, வெள்ளிப் பற்றாசு ஆகியவை நம்பகமானவை. கம்பி முனையில் நிக்கலும் செம்பும் மின்முலாம் பூசிய பின் சாதாரணப் பற்றாசு வைக்கலாம். ஆனால் அப்பற்றாசு ஏறத்தாழ 183 பாகையில் உருகிவிடும். ஆகவே சூடேறும் சுருள்களுக்கு அது பொருந்தாது. சால்டரிங் அயர்னுக்குள் இருக்கும் சூடேற்றும் சுருளின் முனைகளும் சாதாரணப் பற்றாசால் இணைக்கப்படுவதில்லை.

மூலப்பொருள்கள்

இக்கலப்புலோகங்களுக்குத் தேவையான குரோமியத்தின் தாது ஒடிசாவின் சுகிந்தாவிலும், மாங்கனீசுத் தாது மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட்டிலும் கிடைக்கின்றன. நிக்கலுக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியை நம்பியுள்ளது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனுடன் இயங்கிய செம்பு உருக்காலை நாட்டின் செம்புத் தேவைக்கு முக்கிய மூலமாக இருந்தது. சுற்றுச்சூழல் மாசுக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை அடுத்து, 2018 மே 28 அன்று அரசு ஆலையை மூட ஆணையிட்டது. அதன்பின் சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா நிகர இறக்குமதி நாடாயிற்று.

சிறு பணிமனைகள் பழைய அடுப்பு, இஸ்திரிப்பெட்டிச் சுருள்களையும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. அவற்றை வகைப்படுத்தக் காந்தம் உதவும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கேன்தலைக் காந்தம் ஈர்க்கும், நிக்ரோமை ஈர்ப்பதில்லை. கான்ஸ்டன்டனும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் குங்கிலிய இளக்கியுடன் அதில் பற்றாசு பிடிக்கும். கம்பி இன்னதென்று உறுதிசெய்த பின்னரே இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.