செம்பின் சூடு

1902 ஜூன் 30. சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள் இறங்கிய சுரங்கங்களில், நீராவி இயந்திரங்களின் வேலையை மோட்டார்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

திட்டப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியருக்குத் தூரம்தான் தலைவலி. கம்பியில் ஓடும் மின்சாரம் வழியெல்லாம் சூடாக வீணாகும். மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த வீண் நான்கில் ஒன்றாகிவிடும். அதனால்தான் 30 ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் மின்னழுத்தத்தை ஏற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பினார்கள். இழப்பு குறைந்தது, ஒழியவில்லை. மோட்டார்ச் சுருளில் இருக்கும் செம்பும் சுடத்தானே செய்யும்!

சுடாத கடத்தி உண்டு என்பது 1911-ல் ஹாலந்தின் லைடன் நகரில் தெரிந்தது. மைனஸ் 269 டிகிரியில் பாதரசத்தின் மின்தடை மறைந்தது. செம்போ எவ்வளவு குளிர்வித்தாலும் அப்படி மாறுவதில்லை. ஆனால் 1986-ல் இயற்பியலாளர்கள் பெட்னோர்ஸும் முல்லரும் சூரிச்சில் அந்த மாற்றத்தைப் பிடித்தது செம்பின் ஆக்சைடில். பீங்கான் ஜாதிப் பொருள், மின்சாரத்துக்கு வழியே விடாது என்று ஒதுக்கத் தோன்றும். மறு ஆண்டு இட்ரியம், பேரியம் கலந்த செம்பு ஆக்சைடு மைனஸ் 180 டிகிரியிலேயே மின்தடை மறைந்து மீக்கடத்தியானது. தங்கவயலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் குழு அதே வருடம் அதைத் தயாரித்து ஆராய்ந்தது. இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து செம்பு ஆக்சைடுகளின் மீக்கடத்தலுக்கு ஒரு கோட்பாடு எழுதியவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தோடு அறியப்பட்ட ஜி. பாஸ்கரன்.

இந்த இட்ரியம்-பேரியம் ஆக்சைடுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன? மீக்கடத்து நிலையே அதை மறைக்கும் திரை. பலத்த காந்தப்புலத்தால் அந்தத் திரையை விலக்க வேண்டும். 2007-ல் பிரான்சின் துலூஸ் ஆய்வகத்தில் 62 டெஸ்லா வரை போனார்கள். பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 12 லட்சம் மடங்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காந்தச் சுருளும் செம்புதான். திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிர்வித்தும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு மேல் மின்சாரம் பாய்ச்சினால் சுருள் தாங்காது. மின்தடையே இல்லாத பொருளை ஆராயப் போனவர்களையும் லோட்பினியரின் தலைவலி விடவில்லை.

அந்த நொடித்துளியில் புலம் ஏற ஏற மின்தடை கூடிக் குறைந்தது; புலத்தின் தலைகீழ் மதிப்பை வைத்துப் பார்த்தால் சீரான இடைவெளியில். குவாண்டம் அலைவு என்பது இதுதான். அந்த இடைவெளியிலிருந்து எலெக்ட்ரான்களின் சுற்றுப்பாதை எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாம். விடை எல்லோரையும் திகைக்க வைத்தது: எலெக்ட்ரான்களுக்கு உரிய மொத்த வெளியில் சுமார் 2 சதவீதமே கொண்ட சிறு பை. ஆக்சிஜன் குறைவாக ஏற்றிய மாதிரி அது. ஆக்சிஜன் கூடுதலாக ஏற்றிய இன்னொரு செம்பு ஆக்சைடில் 2008-ல் அதே சோதனை செய்தபோது பாதிக்கும் மேற்பட்ட வெளியைச் சுற்றிய பெரிய பாதை கிடைத்தது.

பெரியது எப்படிச் சிறியதாயிற்று? சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்து, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் சுசித்ரா செபாஸ்டியனும் குழுவினரும் 2014-ல் ஒரு பதில் தந்தார்கள். எலெக்ட்ரான்களின் அடர்த்தி படிகத்துக்குள் அலை அலையாக ஏறி இறங்குகிறது. அந்த மின்னூட்ட அலை பெரிய பாதையை வெட்டித் துண்டாக்கி, சிறு பையை உண்டாக்குகிறது. ஆனால் மீக்கடத்தலுக்கு இந்த அலை துணையா, பகையா என்ற வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

(தொடரும்)