மிதித்த இடத்தில் எழுந்த பீடம்

ஜப்பானின் தென்மேற்கே, அமகுசா தீவுகளில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மீனவச் சிற்றூர் சகிட்சு. நிலம் குறுகியதாகையால், வீடுகளின் பின்புறம் கடலுக்குள் கால்நட்டு, மேடை அமைத்து மீன் உலர்த்துவது இவ்வூர் வழக்கம். அம்மேடைக்குக் 'ககே' என்று பெயர். கடலை நோக்கி இறங்கும் குறுகிய சந்துகளைத் 'தோயா' என்பர்.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானில் கால் பதித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, இயேசு சபைச் சகோதரரும் மருத்துவருமான லூயிஸ் தெ அல்மெய்டா வழியாக நற்செய்தி இப்பகுதியை எட்டியது. 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. நாளடைவில் குருக்களே இல்லாமற் போயினர், திருப்பலியும் நின்றது. ஆயினும் செபம் நிற்கவில்லை. சிப்பியின் உட்புற ஒளிர்வில் மீனவர் மரியன்னையைக் கண்டனர். ஊராரோடு சிந்தோ ஆலயத்தில் கைகூப்பியபோதும், உள்ளத்தில் அழைத்தது தங்கள் தேவனையே.

ஊர்த்தலைவர் இல்லத்தில் திருவுருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும் என்பது அரசு ஆணை. மிதித்தனர், பின் வீடு திரும்பி மறைவாகச் செபித்தனர். 1805-இல் சகிட்சு உள்ளிட்ட நான்கு ஊர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டுபிடிக்கப்பட்டனர். அத்தனை பேரையும் தண்டிக்க அதிகாரிகள் முன்வரவில்லை. 'வழிதவறியோர்' எனக் குறித்துக்கொண்டு, மீண்டும் மிதிக்கச் செய்து விட்டுவிட்டனர்.

இம்மக்களை நாம் என்னவென்று அழைப்பது? மறைசாட்சிகளுக்குத் திருநாள் உண்டு, மிதித்தவர்களுக்கு இல்லை. ஆனால், மிதித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செபம் கற்றுக்கொடுத்திராவிடில், 1873-இல் தடை நீங்கியபோது திருச்சபைக்குத் திரும்ப இங்கு எவர் இருந்திருப்பர்? தலைமைக் குருவின் முற்றத்தில் மும்முறை மறுதலித்த பேதுருவிடமே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார் அல்லவா?

பிரெஞ்சு மறைபரப்பாளரான ஹல்பூ அடிகளார் இதனை உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறோம். ஊர்த்தலைவர் இல்லம் இருந்த இடத்தையே அவர் வாங்கினார். 1934-இல் அங்கே ஆலயம் எழுந்தது. திருவுருவம் மிதிக்கப்பட்ட இடத்திலேயே பீடம் அமைந்தது என்பர். கட்டியவர் தெத்சுகாவா யொசுகே, வாழ்நாள் முழுதும் பௌத்தர். உள்ளே இருக்கைகள் இடம்பெறவில்லை. ஜப்பானிய இல்லங்களைப் போலப் பாய்த்தளமே அமைக்கப்பட்டது.

2018-இல் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக இடம்பெற்ற இவ்வூரில், ஆலயமும் சிந்தோ கோயிலும் பௌத்த மடமும் நடைதூரத்தில் அமைந்துள்ளன. அஞ்சி ஒடுங்கிய அயலாரின் விசுவாசத்தை அளக்கத் துணியுமுன், அந்தப் பீடம் நிற்கும் இடத்தை நாம் நினைவுகூர்வோமாக.