செப்புக் காசு: துலக்கலும் திருத்தமும்

பழைய செப்புக் காசு தேய்த்துத் துலக்கப்பட்டதா, அதன் எழுத்தோ ஆண்டோ மாற்றப்பட்டதா என்று கண்டறிவது நாணயவியலின் அடிப்படை வேலைகளில் ஒன்று. செம்பு காற்றுப்பட்டு முதலில் செம்பழுப்பாகும், பிறகு கருக்கும். ஈர மண்ணில் கிடந்தால் பச்சைக் களிம்பு ஏறும். இந்தப் படலம் மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. உலோகமே மாறி உண்டானது. அதை எடுத்தால் காசின் மேல்தோலும் கூடவே போய்விடும்.

செப்புக் குடம் துலக்கும் புளிதான் நம் வீடுகளில் காசுக்குப் பெரிய எதிரி. புளியிலுள்ள அமிலம் படலத்தைக் கரைத்து, இளஞ்சிவப்பான வெறும் செம்பை வெளிக்காட்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டுக் கால் அணாவைப் பார்க்கலாம். கைமாறிப் பழகிய காசில் மேடுகள் வெளிறியும் எழுத்திடுக்குகள் கருத்தும் இருக்கும்; ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும். புளி பட்ட காசில் தளம் முழுக்க ஒரே சிவப்பு. எழுத்தைச் சுற்றி மட்டும் மை தீட்டியதுபோல் கருப்பு நிற்கும். பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரே போக்கில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். புழக்கத்தில் விழுந்த கீறல்களுக்கு அப்படி ஒரு திசை கிடையாது.

துலக்கியதை மறைக்கக் கந்தகச் சேர்மத்தால் மறுபடி கருக்க வைப்பவர்களும் உண்டு. தேய்ந்த மேடும் இடுக்கும் ஒரேயளவு கருத்திருந்தால் சந்தேகப்படலாம். பச்சை வண்ணம் பூசியிருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையான களிம்பு வராது. பல்குத்தும் குச்சி பட்டதும் மாவாக உதிரும் வெளிர்பச்சை வேறு வகை. அது குளோரைடு அரிப்பு, காசைத் தின்றுகொண்டே போகும். அதை மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

மண்ணிலிருந்து வரும் காசுகளுக்கு அளவுகோல் வேறு. முதலாம் இராசராசனின் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் அவன் பெயர். மண்ணும் களிம்பும் இறுகிய காசைச் சுத்தம் செய்யாமல் அந்தப் பெயரைப் படிக்க முடியாது. ஆகவே இங்கே துலக்கினார்களா என்பதைவிட, எப்படித் துலக்கினார்கள் என்பதே கேள்வி. மங்கிய எழுத்தைத் தூக்கிக் காட்ட, சிலர் சுற்றியுள்ள தளத்தை உளியால் செதுக்கிவிடுவார்கள். எழுத்தையொட்டிப் பள்ளமும் கூர்மையான விளிம்பும் இருந்தால் அது அச்சு பதிந்த எழுத்தாக இருக்காது. போலி வார்ப்பில் ஊசிமுனைக் குமிழ்க்குழிகளும், விளிம்பு ஒட்டை மறைத்த அரத்தின் தடமும் இருக்கக்கூடும்.

ஆண்டைத் திருத்துவதற்குப் பேர்போனது அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டு ஒரு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அவ்வாண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்புக் கலவையில் விழுந்தவை மிகச் சில, விலையோ மிக அதிகம். எஃகுக் காசுக்குச் செப்புமுலாம் பூசினால் காந்தம் இழுத்துவிடும், எடையும் 3.11 கிராமுக்குப் பதில் ஏறத்தாழ 2.7 கிராம்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டுச் செம்புக் காசைத் திருத்தி 1943 ஆக்கியிருந்தால் காந்தமும் தராசும் உதவாது. 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கியிருப்பார்கள். அசலில் 3இன் வால் நீண்டு கீழிறங்கும். சுரண்டியதில் அது குட்டையாகவே நிற்கும்.