மனிதகுலத்தின் ஏடு யாருடைய சொத்து?

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாகவே எழுதிவருவது நெடுநாளைய வழக்கம். கண்டுபிடித்தவரின் பெயர் நிலைத்துவிடுகிறது. அவருக்கு வேண்டிய தரவுகளைத் திரட்டியோர், ஒழுங்கு செய்தோர், பிழை களைந்து பிறர் கைக்கு எட்டும்படி வைத்தோர் ஆகியோரின் பெயர்கள் மறைந்துபோகின்றன. உழைப்பை மறைத்து விளைபொருளை மட்டும் காட்டும் சமுதாயம், அறிவுத்துறையிலும் அதையே செய்கிறது. ஆராய்ச்சித் தரவு யாருக்கு உரியது, அதைப் பேணுபவர் யார், பயன்கொள்பவர் யார் என்னும் வினாக்கள் கூர்மையாக எழுந்த வரலாறொன்றை ஈண்டு நோக்குவோம். மனித உடலின் கலங்களில் உறையும் பரம்பரையலகுகளின் முழுத் தொகுதியும் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்ட வரலாறே அது.

1965ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் டேஹோஃப் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் குழுவினரும் 65 புரதங்களின் அமைப்பு வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்த முடிவுகளைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, கணினி கையாளத்தக்க வடிவில் அமைத்த அரும்பணி அது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் தொழிலை அறிந்தோர் இவ்வுழைப்பின் பெறுமதியை எளிதில் உணர்வர். ஆயினும், பிற்காலத்தில் அத்தொகுப்பு விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியோர் அதனை மற்றவர்க்கு வழங்குதல் தடைசெய்யப்பட்டது. தமது முடிவுகளை விலையின்றி ஈந்த ஆய்வாளர்கள் இதனை விரும்பவில்லை. 1982இல் அரசாங்க நிதியுடன் ஜென்பாங்க் என்னும் பொதுத் தரவுக் களஞ்சியம் உருவானபோது, அதனை நடத்தும் பொறுப்பு லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குழுவினரிடம் சென்றது. தடையற்ற பகிர்வுக்கு அவர்கள் அளித்த உறுதி அதற்கொரு காரணமாகும். இங்கு டேஹோஃபைக் குறைகூறுதல் நியாயமன்று. நிலையான பொது நிதி கிட்டாதவிடத்து, பேணுவோர் விற்பனையை நாடும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர் என்பதே நாம் கொள்ளவேண்டிய படிப்பினை.

மனிதப் பரம்பரையலகுத் தொகுதியை வாசிக்கும் திட்டம் 1990இல் தொடங்கியது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட இவ்வேட்டைப் பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1996 பெப்ரவரியில் பெர்முடாத் தீவில் அவ்வாய்வாளர்கள் கூடினர். பிரித்தானியரான ஜோன் சல்ஸ்டனும் அமெரிக்கரான ரொபேட் வாட்டர்ஸ்டனும் அங்கு முன்னின்றனர். இருவரும் சிறு வட்டப்புழுவொன்றை ஆராய்ந்தவர்கள். அச்சில் வராத முடிவுகளையும் தம்முட் பகிர்ந்துகொள்ளும் பண்பு அப்புழு ஆய்வாளரிடையே ஏற்கனவே வேரூன்றியிருந்தது. ஆயிரம் எழுத்துக்கு மேற்பட்ட தொடர்களை, இயன்றவரை 24 மணி நேரத்துள் யாவருக்கும் பொதுவாக வெளியிடுவதெனக் கூட்டம் முடிவு செய்தது. கட்டுரை அச்சேறும்வரை தரவைப் பூட்டி வைக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது.

மூலதனம் வாளாவிருக்கவில்லை. 1998இல் கிரெய்க் வென்டரின் தலைமையில் செலெரா என்னும் கம்பனி களத்தில் இறங்கிற்று. வாசிப்பின் வேகத்தை அது தூண்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் தரவுகளைப் பார்வையிடக் கட்டணம் வேண்டப்பட்டது. பொதுக் களஞ்சியத்தின் தரவுகளையோ அது தனது தொகுப்பிற் பயன்படுத்திக்கொண்டது. பொதுத் திட்டத்தின் சிதறிய துண்டுகளை ஒன்றாகப் பொருத்தும் கணினி நிரலை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்ட குரூஸ் வளாகத்தில் பட்டப்பின் மாணவராயிருந்த ஜிம் கென்ட் ஏறத்தாழ நான்கு வாரங்களில் எழுதி முடித்தார். 2000 யூலை 7ஆந் திகதி அத்தொகுப்பு இணையத்தில் உலக மக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

பூட்டிய தரவினால் விளைந்த நட்டம் பின்னர் அளந்தறியப்பட்டது. செலெராவின் உடைமையாகச் சிலகாலம் இருந்த பரம்பரையலகுகள் குறித்துப் பின்னாளில் நிகழ்ந்த ஆராய்ச்சியும் மருத்துவப் பயனாக்கமும் 20 முதல் 30 வீதம்வரை குறைந்திருந்தன எனப் பொருளியலாளர் ஹைடி வில்லியம்ஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டு யூன் மாதத்தில், இயற்கையில் அமைந்த டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தமைக்காக மட்டும் ஆக்கவுரிமை கோர முடியாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்புப் புற்றுநோயோடு தொடர்புடைய பரம்பரையலகுகளுக்கு உரிமை கொண்டாடிய மிரியட் கம்பனியின் வழக்கில் எழுந்த தீர்ப்பு இது.

இத்துடன் பிரச்சினை தீர்ந்ததெனக் கொள்வதற்கில்லை. தரவு திறந்திருப்பதனால் மட்டும் நீதி கிடைத்துவிடாது என்பதற்கு இந்தோனேசியாவின் அனுபவம் சான்று. பறவைக் காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்த அந்நாடு, 2006ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் வைரசு மாதிரிகளை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அந்நாட்டு மாதிரியைக் கொண்டு அவுஸ்திரேலியக் கம்பனியொன்று தடுப்பூசி உருவாக்கி வந்தமை அதன் சினத்துக்குக் காரணமாயிற்று. மாதிரியை ஈந்த வறிய நாடு, தடுப்பூசியை எட்டாத விலைக்கு வாங்கவேண்டும் என்பது என்ன முறை? அவ்வெதிர்ப்பின் பயனாக, மாதிரிகளோடு தடுப்பூசி முதலான பயன்களும் பகிரப்படல் வேண்டுமென்னும் ஏற்பாடு 2011இல் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது.

ஆகவே, பகிர்வைக் கோரும் நாம் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே கோரவேண்டும். தரவைப் பேணும் ஊழியருக்கு நிலையான பொது நிதியும் ஆய்வாளருக்குரிய மதிப்பும் கிடைத்தல் வேண்டும். திறந்து கிடக்கும் களஞ்சியத்தைப் பயன்படுத்துவதற்கான கணினி வசதியும் பயிற்சியும் வறிய நாடுகளின் மாணவரையும் அடைதல் வேண்டும். எவருடைய உடலிலிருந்து தரவு பெறப்பட்டதோ, அவர்க்கு அதன் பயனிற் பங்கு உண்டு. இன்று எவரும் கட்டணமின்றி அவ்வேட்டைப் பார்வையிடலாம். அதனைப் படிக்கக் கற்றோரின் தொகையைப் பெருக்குவது ஆசிரியர்களாகிய நம்முன் உள்ள வேலை.