புதுவீடும் சூரியக் கூரையும்

பாரிஸ் லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கும் அதே பஜோல் வீதியில், 1920களில் கட்டப்பட்ட புகையிரதச் சரக்குக் கொட்டகை ஒன்று உண்டு. 2013 இல் அது இளைஞர் விடுதியும் நூலகமுமாக மாறியபோது, அதன் கூரையில் ஏறத்தாழ 3,500 சதுர மீற்றர் பரப்பில் சூரியப் பலகைகள் பொருத்தப்பட்டன. ஒளிபட்டு மின்சாரம் பிறப்பதை எட்மண்ட் பெக்கெரல் 1839 இல், தமது பத்தொன்பதாவது வயதில், கண்டறிந்ததும் இந்த நகரில்தான். 'இந்தக் குளிருக்கு இதெல்லாம் சரிவருமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பலகைக்கு வேண்டியது வெளிச்சமே. வெப்பம் கூடினால் அதன் உற்பத்தி சற்றுக் குறையும்.

நான் இங்கு எழுத முற்படுவது அடுத்த கேள்வியைப் பற்றி. அடுக்குமாடியை விட்டுப் புறநகரில் தனிவீடு வாங்கிக் குடிபூரும் நம்மவர்கள் எவ்வளவு பெரிய தொகுதியைப் போடவேண்டும்? நண்பர்கள் சிலருக்கு வந்த விலைமதிப்புப் பத்திரங்களை வாசித்து விளக்கியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் கூரை கொள்ளும் மட்டும் பலகைகள். கூடவே, 'மிச்ச மின்சாரத்தை விற்றே கடனைக் கட்டலாம்' என்ற உறுதிமொழி.

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 2006 இல் பிரெஞ்சு அரசு, கூரையோடு இணைத்துக் கட்டிய பலகைகளின் மின்சாரத்தைக் கிலோவாட் மணிக்கு 55 சதம் வரை கொடுத்து வாங்கச் செய்தது. செலவு கட்டுக்கடங்காமல் போகவே, 2010 டிசம்பரில் 3 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றின் புதிய ஒப்பந்தங்களை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. பின்னர் விலை படிப்படியாக இறங்கியது. 2025 மார்ச் இறுதியில், 9 கிலோவாட் வரையான வீட்டுத் தொகுதிகளின் மிச்ச மின்சாரத்துக்கு 4 சதம் என்றானது. நாம் வாங்கும் மின்சாரமோ ஏறக்குறைய 20 சதம்.

கணக்கைப் பாருங்கள். பாரிஸ் பகுதியில் 1 கிலோவாட் தொகுதி ஆண்டுக்குச் சுமார் 1,000 கிலோவாட் மணி தரும். 3 கிலோவாட் போட்டு, விளைந்த 3,000 இல் 1,200 ஐ வீட்டிலேயே பாவித்தால் 240 யூரோ மிச்சம், மீதி 1,800 ஐ விற்றால் 72 யூரோ, மொத்தம் 312. அதே வீட்டில் 9 கிலோவாட் போட்டு, 2,000 ஐப் பாவித்து 7,000 ஐ விற்றால் 400 உம் 280 உமாக 680 யூரோ. பலகை மூன்று மடங்கு. பயன் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது.

ஆகவே தொகுதியின் அளவைத் தீர்மானிப்பது பகல்நேரப் பாவனை. லிங்கி மின்மானி அரைமணிக்கொருமுறை பதியும் கணக்கை எனெடிஸ் இணையத்தளத்தில் பார்க்கலாம். கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போகும் வீடும், மாலையில் உணவகத்துக்குப் போகிறவர் பகலில் இருக்கும் வீடும் ஒன்றல்ல. இரவில் இயங்கும் சுடுநீர்த் தாங்கியையும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையும் நண்பகலுக்கு மாற்றினால் பயன் கூடும். குளிர்கால வெப்பமூட்டலுக்கு இதை நம்பியிருக்க முடியாது. டிசம்பர் விளைச்சல் ஜூலையில் கிடைப்பதன் ஐந்திலொரு பங்களவே.

அடுத்தது கூரை. யாழ்ப்பாணத்தில் வெயில் உச்சியில் அடிக்கும். பாரிஸில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 18 பாகை உயரமே வரும். பக்கத்து வீட்டின் நிழலும் நம் கூரையில் விழும். தெற்கு நோக்கிய, 30 முதல் 35 பாகைச் சரிவே நல்லது. புகைபோக்கியோ மரமோ மறைத்தால், பலகைக்கொன்றாகப் பொருத்தும் நுண்மாற்றிகள் உதவும். இல்லையேல் ஒரு பலகையில் விழும் நிழல் மற்றவற்றின் விளைச்சலையும் குறைக்கலாம். நமக்குப் புதுவீடு என்றாலும் கட்டடம் பழையதாக இருக்கலாம். கல்நார்ப் பொருட்கள் பிரான்சில் 1997 இல்தான் தடைசெய்யப்பட்டன; கூரையில் அது உண்டா என்று முதலில் பாருங்கள்.

வேலைக்கு முன் மெரியில் முன்னறிவித்தல் பத்திரம் கொடுக்கவேண்டும். பொருத்துபவரிடம் ஆர்.ஜீ.ஈ. தகுதிச் சான்றும் பத்தாண்டுக் காப்புறுதியும் இருக்கவேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கூரை பொதுச்சொத்து. உரிமையாளர் கூட்டத்தின் சம்மதமின்றி எதுவும் செய்யமுடியாது.

இத்தகைய வேலைகளைத் தொலைபேசியில் கூவி விற்பதை 2020 ஜூலைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அப்படி அழைப்பவர் சட்டத்தை மீறியே பேச்சைத் தொடங்குகிறார். வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கிய ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். பத்திரத்தோடு கடன் விண்ணப்பமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 'அரசு உதவி' என்று காட்டப்பட்ட தாள் உண்மையில் 15 ஆண்டுக் கடனாக இருந்ததை நான் வாசித்திருக்கிறேன். பிரெஞ்சு தடுமாறினால், இங்கே படித்த பிள்ளைகளிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். கையொப்பம் அதற்குப் பிறகு வைக்கலாம்.